ஒரே பெயரில் இரண்டு பேர்

அக்கா,

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருந்தபோது உங்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவள், இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குக் காகிதத்தின் மேல் நம்பிக்கையும் கிடையாது. ஆபீசில் எதை நீட்டினாலும், "என்ன எழுதியிருக்குன்னு நீயே வாயால சொல்லிருட்டி" என்பீர்கள். வாயால் சொல்ல எனக்கு இனி வழியில்லை.

இன்று காலை ஆபீஸ் போன் அடித்தது. உங்கள் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி.

"வக்கீல் ஆபீஸா? என் போனுக்கு வரிசையா பிறந்தநாள் வாழ்த்து வந்திருக்கு. அதுல ரெண்டு ஒரே பேருக்கு. ஒண்ணு கீழத்தெருக்காரிக்குன்னு வச்சுக்கிடுதேன். இன்னொண்ணு யாருக்கு தாயி? மேலத்தெருக்காரியக் கொண்டுபோயி சேத்தாச்சே, தெரியாதா?"

"தெரியும் அண்ணாச்சி. மெஷின் தானா அனுப்புது."

"அப்ப மெஷின்ட்டச் சொல்லும்மா" என்று போனை வைத்துவிட்டார்.

திரையில் பார்த்தேன். உங்கள் பெயருக்கு நேரே 'வாழ்த்து சேர்ந்தது' என்று பச்சை நிறத்தில் இருந்தது. நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களையும் உங்கள் சித்தி மகளையும் ஒரே ஆள் என்று சாதித்த சாப்ட்வேர், நீங்கள் போன பிறகு இரண்டு பேர் என்று ஒப்புக்கொண்டு, ஆளுக்கொரு வாழ்த்தும் அனுப்புகிறது.

அது உங்கள் பிறந்தநாளும் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்ட ஜூன் முதல் தேதி. அதைக் கேட்டு எழுதிய அன்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது: "எங்க ஊர்ல பாதிப்பேரு ஒரே நாள்லதான் பொறந்தோம். அன்னைக்கு மருத்துவச்சிக்குக் கையே ஓஞ்சிருக்கும்."

அன்றுதான் உங்களை முதலில் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீசுக்கு ஆள் ஏற்றிப்போன வேன் லாரியில் மோதி, அதில் இருந்த பெண்கள் எல்லோரும் கட்டோடும் கம்போடும் ஒன்றாக வந்திருந்தீர்கள். எங்கள் வக்கீல் சார் எடுப்பது விபத்து வழக்கு மட்டுமே. ஒரு வேன் என்றால் ஒரே நாளில் பத்துப் பதினைந்து வழக்கு. எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் அம்மாவும் தீக்குச்சி அடுக்கியவர்தான் என்பதை உங்களிடம் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

போன் நம்பர் கேட்டேன். எல்லோரும் ஒரே நம்பரைச் சொன்னீர்கள். "கடைக்கார அண்ணாச்சி நம்பர் அது. அவிய ஆள் விட்டுச் சொல்லிருவாவ." பெயர் கேட்டேன். நீங்களும் சித்தி மகளும் ஒரே பெயரைச் சொன்னீர்கள். குலசாமி பெயர், குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு அதைத்தான் வைப்பது. நான் இரண்டாவது தடவை மெதுவாகக் கேட்டதும், "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? சத்தமாத்தான் கேளேன்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். கையில் கட்டுப் போட்டிருந்த ஓர் அம்மா வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்.

உங்கள் வழக்குக் கட்டின் மேல் 'மேலத்தெரு' என்றும், அவர் கட்டின் மேல் 'கீழத்தெரு' என்றும் நான்தான் எழுதினேன். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

ஆனால் கட்டுகள் பெருகிவிட்டன. பீரோவுக்கு மேலே ஏறி, ஜன்னலை மறைத்து, கடைசியில் சாரின் நாற்காலிக்குப் பின்னாலும் வந்துவிட்டன. எந்தக் கோர்ட்டில் எந்த வழக்கு என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும். சாப்ட்வேர் வேண்டும் என்றுதான் நானும் சொன்னேன். வேண்டாம் என்றவள் இல்லை நான்.

மூன்று இடத்திலிருந்து வந்து காட்டினார்கள். முதலில் வந்தது பெரிய நிறுவனங்களின் வக்கீல்களுக்கானது. வக்கீல் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்று கணக்குப் போடும். "நம்ம கட்சிக்காரங்ககிட்ட மணிக்கணக்குச் சொன்னா செருப்புதான் வரும்" என்று சார் அனுப்பிவிட்டார். இரண்டாவது, இந்த ஊரிலேயே ஒருவர் தனியாக எழுதியது. திரை பார்க்க அழகாக இல்லை. ஆனால் கணவர் பெயர் கேட்டது, தெரு கேட்டது, 'ஊரில் எப்படிச் சொல்வார்கள்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தது. ஒரே பெயரை இரண்டாம் முறை அடித்தால், 'இது வேறு ஆளா?' என்று கேட்டு, பதில் சொல்கிறவரை நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது. சார், "என்னய்யா, ரேஷன் கடை கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு" என்றார்.

மூன்றாவது வந்தவர்கள் டை கட்டியிருந்தார்கள். அவர்கள் அதிகம் சொன்ன சொல் 'தானாகவே'. கட்சிக்காரருக்குத் தானாகவே தகவல் போகும். தினமும் காலையில் அன்றைய வழக்குகளின் வரிசை ஜூனியர் வக்கீல்களின் போனுக்குத் தானாகவே வரும். பழைய கட்டுகளை எல்லாம் அவர்களே ஏற்றித் தருவார்கள். எந்த வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்பதை சார் காரில் போகும்போதே வண்ண வண்ணமாகப் பார்க்கலாம். அவர் கண்கள் அந்த வண்ணத்தை விட்டு நகரவில்லை.

நான் கேட்டேன் அக்கா. கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எழுந்து நின்று கேட்டேன். "ஒரே பேரு, ஒரே போன் நம்பரு, ஒரே பிறந்த தேதியில ரெண்டு பேர் இருந்தா என்ன சார் செய்யும்?"

டை கட்டியவர் சிரித்தார். "சூப்பர் கேள்வி மேம். டூப்ளிகேட்னு கண்டுபிடிச்சு ஒண்ணாக்கிடும். அதுதான் எங்க ஸ்பெஷாலிட்டியே."

"டூப்ளிகேட் இல்ல சார். ரெண்டு பேரு."

"ஆயிரத்துல ஒண்ணு அப்படி வரும் மேம்."

சார், "உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன்.

அன்று நீங்கள் வெளியே பெஞ்சில் இருந்தீர்கள். உங்கள் காலின் ஊனச் சான்றிதழை என்னிடம் கொடுக்க வந்திருந்தீர்கள். "முப்பது மார்க்கு போட்டிருக்கான்ட்டி எங்காலுக்கு. பாஸ்கூட ஆகல பாரு" என்று நீட்டிவிட்டு, கதவுப் பக்கம் கண்ணைக் காட்டிச் சொன்னீர்கள்: "அந்த டை கட்டுனவன் நீ கேட்டதுக்குப் பதிலே சொல்லலையேட்டி. எங்க தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜரும் இப்படித்தான். கேட்டா சிரிப்பான்." பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து அவித்த தட்டாம்பயறை என் கையில் அள்ளிப் போட்டீர்கள். நான் கேட்ட கேள்வி கேள்விதான் என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் நீங்கள்.

பழைய கட்டுகளை ஏற்ற வந்த பையன்கள் வெளியூர்க்காரர்கள். அந்தச் சாப்ட்வேரில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? காலியாக விட்டால் அது நகரவில்லை. அதனால் எல்லோருக்கும் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டே போனார்கள். ஒரே முதல் பெயர், ஒரே கடைசிப் பெயர், ஒரே நம்பர், ஒரே பிறந்த தேதி, ஒரே விபத்து. சாப்ட்வேர் தானாகவே இரண்டு வழக்குகளை ஒன்றாக்கியது. நின்றது கீழத்தெரு. போனது மேலத்தெரு.

அதன் பிறகு தினமும் காலையில் வந்த வரிசையில் உங்கள் வழக்கு இல்லை. ஜூனியர்கள் வரிசையைப் பார்த்துத்தான் கோர்ட்டுக்குப் போவார்கள். உங்கள் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து நிற்க எங்கள் ஆபீசிலிருந்து யாரும் இல்லை. ஒரு தடவை, இரண்டு தடவை பார்த்துவிட்டு, யாரும் வரவில்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். நீங்களோ தவறாமல் பஸ் ஏறி வந்து, "எங்கேஸ் எப்பட்டி?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பெயரை அடித்துப் பார்த்து, திரை காட்டிய தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உங்கள் சித்தி மகளின் தேதி.

அவருக்குத் தீர்ப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. இருவரும் சேர்ந்து வந்திருந்தீர்கள். அவர் முகத்தில் சிரிப்பு. "எனக்கு?" என்று நீங்கள் கேட்டீர்கள். திரையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. நான் கோர்ட்டுக்கு ஓடிப்போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். நீங்கள் கத்துவீர்கள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக் கட்டிப்புட்டீகளா?" என்றீர்கள். "எங்க வாத்தியாரு எங்களுக்குப் பொறந்த தேதிதான் ஒண்ணா போட்டாரு. ஆளை ஒருநாளும் மாத்திக் கூப்பிட்டதில்ல தாயி." சித்தி மகள் தலையைக் குனிந்துகொண்டார், ஏதோ அவர் எடுத்துக்கொண்டதைப் போல.

அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். 'பயன்படுத்துவோர் பிழை' என்றார்கள். பிரித்துத் தந்தார்கள், அதுவும் நீங்கள் போன பிறகு. பிரிப்பதற்கு ஒரு பொத்தான் இருந்திருக்கிறது.

வழக்கை மறுபடி எடுக்க மனுப் போடலாம் என்று சாரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "போடுவோம், போடுவோம்" என்றார். அவருக்குச் சங்கடம். என்ன காரணம் எழுதுவது? அப்படியே நாள் போனது. உங்களுக்கு மஞ்சள்காமாலை என்று சித்தி மகள் வந்து சொன்ன வாரமே, நீங்கள் போய்விட்டீர்கள். நான் வந்திருந்தேன் அக்கா. பந்தலின் ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இப்போது உங்கள் மகளை வாரிசாகச் சேர்த்து மனு தயாராகிறது. அவள் நர்சிங் முதல் வருடம். மேலே படிப்பது இந்த வழக்கைப் பொறுத்துத்தான் இருக்கிறது. மனுவை அடிக்க உட்கார்ந்தபோது, நடந்ததை நடந்தபடி எழுதினேன். சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வேண்டாம்மா. சாப்ட்வேர்னு எழுதினா, எதிர்த்தரப்பு நம்ம எல்லாக் கேஸையும் தோண்டுவான். ரெண்டுல ஒண்ணு எழுது. கட்சிக்காரர் அலட்சியமா இருந்துட்டார்னு போடு. இல்ல, ஆபீஸ் உதவியாளர் தேதியக் குறிக்க மறந்துட்டார்னு போடு. இது ரெண்டும் கோர்ட்டுக்குப் பழகின காரணம்."

"செஞ்சது சாப்ட்வேர்தான சார்?"

"சாப்ட்வேரைக் கூண்டுல ஏத்த முடியுமா?"

அலட்சியம் என்ற சொல்லை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அடிக்க எனக்குக் கை வரவில்லை. ஒற்றைக் கம்பை ஊன்றி, இரண்டு பஸ் மாறி, ஒரு தவணைகூடத் தவறாமல் வந்த உங்களையா? "என் பேரையே போட்டுருங்க சார்" என்றேன்.

"பேரெல்லாம் வேண்டாம். உதவியாளர்னாப் போதும். உன் வேலைக்கு ஒண்ணும் வராது, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நல்ல மனிதர்தான். எனக்கு ஒரு டீ வாங்கிவரச் சொன்னார். டீ ஆறுவதற்குள் மனுவைத் திருத்தி அடித்துவிட்டேன். மறதிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஆளுக்கு ஒரு பெயர்கூடத் தேவைப்படவில்லை. சாப்ட்வேருக்கு இந்த வருடச் சந்தா சரியான நாளில் தானாகவே போய்விட்டது.

நேற்று உங்கள் மகள் கையெழுத்துப் போட வந்தாள். உங்களைப் போல இல்லை, காகிதத்தை முழுவதும் படிக்கிறவள். பாதியில் விரல் நின்றது.

"அக்கா, இங்க உதவியாளர்னா நீங்கதான?"

"ஆமா."

"மறந்துட்டீங்களா?"

சார் பக்கத்தில் இருந்தார். அவர் இல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவளுக்கு உண்மை தெரிந்தால், நாளை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது அவள் தெரிந்தே பொய் சொல்ல வேண்டியிருக்கும். தெரியாவிட்டால், அவள் சொல்வது அவளைப் பொறுத்தவரை உண்மை. அந்தச் சுமை அவளுக்கு வேண்டாம்.

"ஆமா" என்றேன்.

கையெழுத்துப் போட்டாள். எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "எங்கம்மா உங்களப் பத்தி எவ்வளவு சொல்லுவா."

அவ்வளவுதான். நான் வேலையை விடவில்லை. விட்டால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அடிபட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஊர்ல உங்களை எப்படிச் சொல்லுவாங்க?" என்பதுதான். சத்தமாகவே கேட்கிறேன். கருத்தவர் என்கிறார்கள், கிணத்தடி வீடு என்கிறார்கள், ரெண்டாந்தாரம் என்று சிரிக்கிறார்கள். அதற்கு அந்தச் சாப்ட்வேரில் கட்டம் கிடையாது. 'இதர குறிப்பு' என்ற இடத்தில் அடித்து வைக்கிறேன். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. என்னிடம் மிச்சமிருப்பது இந்தக் கேள்வியும், அன்று கேட்டபோது சிரித்த அந்த டை கட்டியவர் மேல் இன்னும் ஆறாத கோபமும்தான்.

மனு ஏற்கப்படும் என்று சார் சொல்கிறார். நானும் நம்புகிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன் அக்கா. இறந்தவர்கள் பெற்ற பிள்ளைகளின் கனவில் வருவார்கள் என்கிறார்கள். நீங்களும் போவீர்கள். வழக்கு முடிகிறவரை இதைப் பற்றி அவளிடம் பேச வேண்டாம். எல்லாம் முடிந்து, அவள் படித்து, வேலைக்குப் போன பிறகு, ஏதாவது ஒரு நாள் போய், அந்த ஆபீஸ் பெண் உன் அம்மாவை மறக்கவில்லை என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.