முன்சக்கரத்தில் ஊற்றிய மீன் எண்ணெய்

இன்று காலை முனுசாமியின் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் படகுத்துறையில் யாரோ மீன் எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்தார்கள். இராயபுரத்தில் பிறந்தவனுக்கு அது ஒரு நாற்றமே இல்லை என்று நாம் பீற்றிக்கொண்டது நினைவிருக்கிறதா? ஆனால் இன்று சட்டி அடிபிடித்துவிட்டது போலிருக்கிறது. தீய்ந்த வாடை காற்றோடு, நாம் சேர்ந்து வண்டி பழுதுபார்த்த இந்த ஷெட்டுக்குள் வந்தது.  குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தேன். நீ செத்து நாற்பது நாள் ஆகிறது. இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, வாந்திதான் வந்தது. என்னைப் போன்றவனுக்கு அதுவே அதிகம்.

துறைமுகத்து உப்புக் காற்றில் ஒரு வாரம் நின்றால் சக்கரக் கம்பியெல்லாம் துருவேறிப் பழுத்துவிடும். படகுக்காரர்கள் பலகைக்குப் பூசுகிறார்களே என்று நம் முதலாளியும் ஷெட்டில் இருந்த அத்தனை வண்டிக்கும் சனிக்கிழமை தோறும் மீன் எண்ணெய் பூசச் சொல்வார். பட்டணத்துக்குள்ளிருந்து வருகிற கனவான்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நாம் சிரிப்போம். நீ எனக்குச் சொன்ன எச்சரிக்கை ஒன்றே ஒன்றுதான்.

"வெளிய எங்க வேணா தடவு மாமு. சக்கரத்துக்கு உள்ள மட்டும் ஊத்தாத. தண்ணியாட்டம் ஒழுகி பிரேக்குல எறங்கிடும்."

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த ஐப்பசிச் சனிக்கிழமை கிரீஸ் டப்பா காலி. வாங்கிவர மழையில் மண்ணடி வரை போகவேண்டும். நீ ஷெட்டில் இல்லை, மாதா கோயிலில் யாருக்கோ கல்யாணம். நான் முனுசாமி வண்டியின் முன்சக்கரக் குடத்தில், அச்சு சுழலும் இடத்தில், கிரீஸுக்குப் பதிலாக மீன் எண்ணெயை ஊற்றினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். சத்தமில்லாமல் அழகாகச் சுழன்றது. அதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு. சீ.

முனுசாமியை உனக்குத் தெரியும். கப்பல் கம்பெனியின் காகிதங்களைத் துறைமுகத்திலிருந்து திருவொற்றியூர்க் கிடங்குக்கு அந்த வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பவன். வியாசர்பாடியில் அவன் தெருவுக்கே மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான். திங்கட்கிழமை தண்டையார்ப்பேட்டையில் ஒரு மாட்டு வண்டி திடீரென்று குறுக்கே திரும்பியிருக்கிறது. அவன் பிரேக் பிடித்தான். அது பிடிக்கவில்லை. கால் உடைந்த அவனை ஆஸ்பத்திரிக்கும் வண்டியை நம் ஷெட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாளே கம்பெனிக் குமாஸ்தா குடையும் கையுமாக வந்து நின்றார்.

"தொரைக்கு ஒண்ணுதான் தெரியணும். பிரேக் நல்லா இருந்துதா இல்லையா? நல்லா இருந்துதுன்னா அவன் குடிச்சிருந்தான்னு அர்த்தம். கால் தேறினாலும் வேலை கிடையாது."

"பிரேக்கு ஷோக்கா கீது சார்! லிவரு வளஞ்சது உழுந்ததால" என்றார் முதலாளி. சொல்லிவிட்டு நம்மைப் பார்த்துக் கண்ணடித்தார். வெற்றிலைச் சாறு ஒழுகிய அந்த வாயை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் என் வாய் மட்டும் என்ன சுத்தம்? மூடிக்கொண்டுதான் இருந்தது.

நீ வண்டியின் முன்னால் குந்தினாய். "உழுந்ததால கெட்டது வேற, கெட்டதால உழுந்தது வேற. ரெண்டையும் கலக்கக்கூடாது" என்று உனக்கே சொல்லிக்கொள்வதுபோல முணுமுணுத்தாய். லிவர் வளைந்திருந்தது. அதன் நுனியில் புதிதாகச் சிராய்ந்த கீறலும் ரோட்டு மண்ணும் இருந்தன, ஆக அது விழுந்ததால் வந்தது. கேபிள் ஓர் இடத்தில் மடிந்திருந்தது, ஆனால் உள்ளே கம்பி தடையில்லாமல் ஓடியது. முன்சக்கரத்தைத் தாங்கும் கவை இடப்பக்கம் ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது. அதுவும் மாட்டு வண்டிச் சக்கரத்தில் மோதியதால்தான். பிறகு என்னை லிவரை அமுக்கச் சொல்லிவிட்டு நீ சக்கரத்தைச் சுற்றினாய். பிரேக் டிரம்முக்கு வெளியே இருக்கும் சின்ன இரும்புக் கை முழுசாகத் திரும்பியது. உள்ளே பிரேக் கட்டைகள் விரிந்து அழுத்துகின்றன என்று அதற்கு அர்த்தம். ஆனாலும் சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. லிவரை விட்டுவிட்டேன்.

டிரம்மைத் திறந்தாய். ஓடின சூட்டில் வெந்து கறுத்த மீன் எண்ணெய், பிரேக் கட்டைகளின் மேல் கண்ணாடிபோலப் படிந்திருந்தது. இன்று காலை வந்த அதே தீய்ந்த வாடை. நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தாய். நான் அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முதலாளி குனிந்து கிசுகிசுத்தார். "கிருஷ்ணாயில்ல தொடச்சி மாட்டு. ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பு."

இப்போது எழுதுவதை எழுதவே கை கூசுகிறது. துணியை மண்ணெண்ணெயில் நனைத்து எடுத்துக்கொண்டு வந்தவன் நான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே வந்தேன். நீ அதை என் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தக் கட்டையைக் குமாஸ்தாவின் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

"மோந்து பாருங்க சார். பிரேக்கு புடிக்கல. எண்ண ஊத்தினது நான்தான். முனுசாமி மேல தப்பில்ல."

அன்று சாயங்காலமே உன்னை வெளியேற்றிவிட்டார்கள். தபால் ஆபீஸ் முனை வரை உன்னோடு நடந்துவந்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கும் துப்புகூட எனக்கு இல்லை. நீயேதான் சொன்னாய்.

"நீ சொல்லுவேன்னுதான் மாமு பாத்துகினு இருந்தேன். நீ சொல்லல. அவனுக்கு மூணு புள்ளிங்க கீது, யாராச்சும் சொல்லணுமில்ல? போவுது வுடு. அவன் எழுந்து நடக்கசொல்ல நீயே அவனாண்ட சொல்லிடு. அது போதும்."

அது போதும் என்றாய். ஏழு வருஷம் நான் அதைச் செய்யவில்லை.

முனுசாமி எழுந்து நடந்தான், ஒரு கால் சற்று இழுத்தபடி. வேலையும் போகாமல் தப்பியது. உனக்குத்தான் எந்த ஷெட்டிலும் இடமில்லை. 'மீனெண்ணெய் ஃபிட்டர்' என்று தண்டையார்ப்பேட்டை வரை பெயர் பரவிவிட்டது. நீ துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமக்கப் போனாய். முனுசாமி என்னைத் தவிர வேறு யாரையும் தன் வண்டியைத் தொட விடமாட்டான். டீ குடித்துக்கொண்டே உன்னைத் திட்டுவான். "அது கையா, கலீஜு! என்னெக் கொன்னிருப்பான்" என்பான். நான் தலையாட்டுவேன். சில நாள் ஒரு பன்னும் வாங்கிக் கொடுப்பேன்.

ஒருநாள் கரி அப்பிய உடம்போடு நீ ஷெட் வழியாகப் போனாய். முனுசாமி உன் காலடியில் காறித் துப்பினான். நீ நின்றாய். என்னைப் பார்த்தாய். நான் ஏற்கெனவே முறுக்கியிருந்த ஒரு நட்டைக் குனிந்து மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தேன். இவ்வளவு கேவலமான ஒரு பிறவியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முகம் பார்க்கிற கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

அந்தக் கரித்தூள்தான் உன் நெஞ்சை அடைத்தது என்று காசிமேட்டுக் கல்லறையில் உன் தம்பி சொன்னான். எல்லோருக்கும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டேன்.

இன்று நான் வாந்தி எடுத்துவிட்டு வந்ததும் முனுசாமி சிரித்தான். "இன்னா நைனா, ராயபுரத்தானுக்கு மீன் நாத்தம் ஆவலியா? தோ, அந்த மீனெண்ணெய்க்காரன் செத்துப் பூட்டானாமே. நல்லா வேணும் அவனுக்கு."

"ஊத்தினது நான்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். காலி டப்பா, மழை, மண்ணெண்ணெய்த் துணி, நீ சொன்ன பொய், நீ கேட்டுக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பானரால் மண்டையைப் பிளப்பான் என்றுதான் நினைத்தேன். பிளந்திருக்கலாம். அவன் இழுக்கிற காலைத் தடவிக்கொண்டான்.

"நான் அவன் மேல துப்பசொல்ல, நீ இங்கதான் நின்னுகினு இருந்தியா?"

"இருந்தேன்."

"சக்கரத்தக் கயட்டு. இதுக்குள்ள நீ இன்னா ஊத்தி வெச்சிகீறேன்னு பாக்கணும்."

கழற்றினேன். டிரம்முக்குள் மூக்கை நுழைத்து மோந்து பார்த்தான். சுத்தமாக இருந்தது. அன்றிலிருந்து நான் ஒரு வண்டியையும் மோந்து பார்க்காமல் வெளியே அனுப்பியதில்லை. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட நல்லது அது ஒன்றுதான். சக்கரத்தை மாட்டச் சொன்னான். கூலியை மேசையில் வைத்தான். வண்டியைக் கிளப்பவில்லை, தள்ளிக்கொண்டே போனான். வாசலில் நின்று திரும்பி, என் காலின் மேல் காறித் துப்பினான்.

உன் காலடியில் விழுந்த எச்சில், இத்தனை வருஷம் கழித்துச் சேரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. பொழுது சாயப் போகிறது. குழாய் நாலடி தூரத்தில்தான் இருக்கிறது. நான் இன்னும் காலைக் கழுவவில்லை.