மார்கழியில் உதறும் வண்டி

டிசம்பர் 18, வியாழன்

இன்று சொல்லாமல் விட்டது: "மாமா, அது என் வண்டி."

மஞ்சுநாத்தின் மெக்கானிக் ஷெட்டில் பக்கத்திலேயே நின்றேன். வண்டியைக் கொண்டுபோனது நான், காலையில் உதறுகிறது என்று சொன்னதும் நான். மஞ்சுநாத் பதில் சொன்னது கூட வந்த அக்காவின் கணவர் சந்தானம் மாமாவுக்கு. "பிளக் மாத்தியாச்சு, த்ராட்டில் கிளீன் பண்ணியாச்சு சார். இன்னும் உதறுதுன்னா இன்ஜின் எறக்கணும். மேடம் கிளட்ச் மேலயே கால் வெச்சி ஓட்றாங்களோ என்னவோ." மாமா சிரித்தார். கிளட்சுக்கும் நின்ற இடத்தில் உதறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

திரும்பி வரும்போது மாமா தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "இன்ஜின் போச்சு பாப்பா. மார்கழில விக்கக் கூடாது. தை ஒண்ணாந்தேதி கோவிந்தப்பான்னு தெரிஞ்சவரு ஒருத்தர கூட்டினு வரேன், தள்ளி உட்றலாம். நீ பஸ்ல போ."

ஜோகுபாளையத்திலிருந்து நான் பாடம் நடத்தும் ஹொஸ்கோட்டே பள்ளிக்கு இரண்டு பஸ். ஏழு நாற்பதுக்கு முதல் மணி. வண்டி வாங்குவதற்கு முன்னால் இரண்டு வருடம் தாமதப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். இந்த உலகத்தில் என் பெயரில் பதிவாகியிருக்கும் ஒரே பொருள் அந்த வண்டி.

எனக்கு இருபத்தெட்டு வயது. பாப்பா!

டிசம்பர் 19

பதினான்கு டிகிரி. ஓல்டு மெட்ராஸ் ரோடு ஏறும் முதல் சிக்னலிலேயே நின்றுவிட்டது. பின்னால் ஹாரன். திரும்பிப் பார்க்கவில்லை.

டிசம்பர் 22

வெள்ளியிலிருந்து குறித்து வைத்தது: காலையில் கிளப்பினால் ஐந்து நிமிடம் உதறல், சிலசமயம் ஆஃப் ஆகிறது. கே.ஆர்.புரம் போவதற்குள் சரியாகிவிடுகிறது. மதியம் பள்ளியிலிருந்து கிளம்பும்போது ஒன்றுமே இல்லை.

இன்ஜின் தேய்ந்துபோயிருந்தால் மதியமும் தேய்ந்துதானே இருக்கவேண்டும்?

இன்னொன்று. நான் ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் வண்டி ஓடிச் சூடாகியிருக்கிறது. மஞ்சுநாத் இந்த நோயை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காமலே இன்ஜினை இறக்கச் சொல்கிறார்.

டிசம்பர் 23

மாமாவிடம் போனில் சொன்னேன். "எங்கப்பா கே.ஜி.எஃப். மைன்ஸ்ல மிஷின் ஓட்டினவரு. மிஷின் சத்தம் எனக்கு ரத்தத்துல இருக்குது. நீ புக்கு படி பாப்பா" என்றார்.

படிக்கிறேன். வண்டியோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து, பழம்பாட்டுக்கு உரை படிப்பதைப்போல, அடிக்கோடு போட்டு.

டிசம்பர் 27

பள்ளி விடுமுறை. காலை ஆறேகால். அம்மா சால்வையும் மங்கி கேப்புமாக வாசலில். நான் பானெட்டைத் திறந்து, இன்ஜின்மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எடுத்தேன். பிறகு கிளப்பினேன். உதறல். காதை வைத்துக் கேட்டால் உதறலுக்குள் இன்னொரு சத்தம் - குக்கர் விசிலுக்கு முன்னால் சீறுமே, அதுபோல.

காற்று எங்கேயோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. அந்த இடத்தில் தண்ணீர் பட்டால் ஒரு கணம் ஓட்டை அடைபட்டு உதறல் நிற்கும் என்று படித்திருந்தேன். இஸ்திரிக்கு வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து, சுழல்கிற பெல்ட் பக்கம் போகாமல், ஒவ்வொரு குழாயாகத் தெளித்தேன்.

"இன்னாடி இது? வண்டிக்கு இஸ்திரி போடப்போறியா?"

"சும்மா இரும்மா."

விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். அதன் வாயில் தெளித்ததும் வண்டி சட்டென்று அடங்கியது. இரண்டு நொடி. மறுபடி உதறல். மறுபடி தெளித்தேன். அடங்கியது. அம்மாவே, "ஆமா, நிக்குது!" என்றாள்.

ஆஃப் செய்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயின் வாய் கிழிந்திருக்கிறது. குளிரில் ரப்பர் விறைத்துக் கிழிசல் திறக்கிறது. சூட்டில் இளகி ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான்!

அதற்குப் பக்கத்திலேயே, மூடிக்கு அடியில் இருக்கவேண்டிய இன்ஜின் உலோகத்தின்மேல், காய்ந்துபோன சந்தனம். நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை. அன்று மாமாதான் வண்டிக்குப் பூஜை செய்தார். "பிளாஸ்டிக் மூடிக்குப் பொட்டு வெச்சா இன்ஜினுக்கு எப்டி போவும்?" என்று மூடியைப் பிடித்து ஒரே இழுப்பு. அந்தக் குழாய் மூடியின் அடியில் ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கும். அதை நான் இன்று கழற்றியபிறகுதான் மூடியை எடுத்தேன். அவர் கழற்றியிருக்கமாட்டார். அன்று நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 30

கிழிந்த குழாயைக் காட்டினேன். மஞ்சுநாத் வளைத்துப் பார்த்தார். "நீங்களேவா கண்டுபுடிச்சீங்க? சூடான வண்டிய கொண்டாந்து காமிச்சா நான் இன்னா பண்றது மேடம்?"

"காலைல வந்து பாருங்கன்னு நீங்க சொல்லியிருக்கலாமே."

தலையைச் சொறிந்தார். புதுக் குழாய் மாட்டப் பத்து நிமிடம். இந்த முறை என்னோடுதான் பேசினார்.

ஜனவரி 6

ஒரு வாரமாக உதறலே இல்லை. மாமாவிடம் சொல்லு, சொல்லு என்கிறாள் அம்மா. சரியாகிவிட்டது, அதனால் விற்கவேண்டாம் - அப்படிக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. சரியாகாமல் இருந்திருந்தால் மட்டும் அவருடைய வண்டி ஆகிவிடுமா?

ஜனவரி 15, பொங்கல்

எட்டு மணிக்கே மாமா கோவிந்தப்பாவோடு வந்துவிட்டார். பெரியவர், சாது. சாவியை நான் கொடுக்கவில்லை. நானே உட்கார்ந்து கிளப்பினேன். ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற வண்டி. ஒரு உதறல்கூட இல்லை. பானெட்டின்மேல் கை வைத்துப் பார்த்த கோவிந்தப்பா, "ஏனு சந்தானம், எஞ்சின் ஹோகிதே அந்த்ரி? சென்னாகிதெயல்லா!" என்று கன்னடத்தில் சிரித்தார். இன்ஜின் போச்சுன்னீங்களே, நல்லாத்தானே இருக்கு என்கிறார்.

மாமாவும் சிரித்தார். "அப்போ இன்னும் நல்லதாப் போச்சு. பேப்பர்லாம் எடுத்துனு வா பாப்பா."

"நான் விக்கல மாமா."

"விளையாடாத. அவரு பண்டிகை அதுவுமா வந்திருக்காரு."

"கேட்டிருந்தா வரவேணாம்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன். என்னை யாரு கேட்டா?"

"நாலு நாள் ஓடும், அப்புறம் மறுபடி உதறும். மிஷின பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

இறங்கினேன். பானெட்டைத் திறந்து, மூடியை எடுத்து, பொட்டைக் காட்டினேன். "இத வெக்கறப்போ நீங்க இழுத்ததுலதான் பைப்பு கிழிஞ்சுது. இன்ஜின் போகவே இல்ல மாமா."

கோவிந்தப்பா சட்டென்று தெருவைப் பார்க்கத் திரும்பினார். மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "நல்லதுக்கு ஒண்ணு செஞ்சா இப்டித்தான்" என்றார். அம்மா பொங்கல் தட்டோடு வெளியே வருவதற்குள் இருவரும் தெருமுனை போய்விட்டார்கள்.

"வெளி ஆளு முன்னாடி ஏண்டி?" என்றாள் அம்மா. ஷெட்டில் வெளி ஆள் முன்னால்தான் கிளட்சைப் பற்றிச் சிரித்தார்கள். வருத்தமா? இல்லை. கொஞ்சம். இல்லை.

ஜனவரி 19, திங்கள்

பன்னிரண்டு டிகிரி. ஏழு இருபத்தைந்துக்குப் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினேன். மாமா நான்கு நாட்களாக வீட்டுக்கு வரவில்லை.