வெட்டிய மெட்டி

மதினி,

ஊசி மருந்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். குளிர் விட அரை மணி நேரம் ஆகும். மாதாமாதம் இந்த அரை மணி நேரத்தை நீங்கள் பேசியே ஓட்டிவிடுவீர்கள். இன்று வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கிறது. எங்கே ஓடினாலும் இந்த உடம்பும் கூடவே வருமே.

கல்யாண மெட்டி இறுகியபோது அத்தை பெரிதாக ஒன்று வாங்கித் தந்தார். அதுவும் இறுகியது. முகம் அகன்றது, குரல் தடித்தது. "உடன்குடிக்காரிக்கு ஆத்துத் தண்ணி பிடிச்சிட்டு" என்று ஊரே மெச்சியது. எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

நான்காவது மெட்டி சதையில் புதைந்து சீழ் வைத்த அன்று நீங்கள் உங்கள் தம்பி வீட்டுக்கு, எங்களைப் பார்க்க வந்திருந்தீர்கள். உடனே ஆசாரியை வரச்சொன்னீர்கள்.

"புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில மெட்டிய வெட்டுவாளா?" என்று அத்தை கத்தினார்.

"குத்துக்கல்லுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. இவ விரலப் பாரு" என்றீர்கள். பிறகு என்னிடம், "ஏளா, தண்ணி குடிச்சா சதை போடும். எலும்புமா வளரும்?"

கல்யாண போட்டோவோடு பாளையங்கோட்டை டாக்டரிடம் அழைத்துப் போனதும் நீங்கள்தான். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுச் சுரப்பி, அதில் ஒரு கட்டி. அது வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் சுரந்துகொண்டிருந்தது. மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தார்கள். எடுக்க முடியாத மிச்சத்துக்குத்தான் இந்த ஊசி. விட்டால் இதயம் வீங்கும், போட்டாலும் எலும்பு பழையபடி ஆகாது என்றார் டாக்டர். நான் அழுதபோது நீங்கள் தேற்றவில்லை. "முகம் பிடிக்கலேன்னா கண்ணாடியத் திருப்பி வை. ஊசிய விட்டுராத."

விட்டுவிட்டேன், மதினி. உங்கள் பதினாறாம் நாள் காரியங்களுக்கு நடுவே போன மாத ஊசி தப்பிப்போனது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாகக்கூட இருந்தது. இந்த வாரம் கைகள் வீங்கி வளையல் பிடிக்கிறது. பயமாக இருக்கிறது.

அரை மணி ஆயிற்று. கிளினிக்குக்குத் தனியாகத்தான் போக வேண்டும் என்று எழுந்தேன். வாசலில் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நானும் வாரேன்ளா."

இரண்டு எட்டு வைத்ததும் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அந்த வெட்டுன மெட்டிய வச்சிருக்கியா?"

பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துத் தடவினார்.

"பத்திரமா வையி. எம்மவ வெட்டுனது."