சம்பந்தியின் நெட்டை ஆன்டெனா

சம்பந்தி,

நேற்று என் காரை வாங்குவதற்கு ஒருவர் வந்திருந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பானெட் ஓரத்தில் நின்ற ஆன்டெனாவைத் தொட்டு, அது தனக்கு வேண்டாம் என்றார். ஸ்பானரைக் கொண்டுவந்து கழற்றினேன். பிராக்கெட் இருந்த இடத்தில், நகம் அளவுக்குப் பெயிண்ட் இல்லாமல் வெறும் தகடு தெரிந்தது. இது எப்படி ஆனது என்று கேட்டார். "என் சம்பந்தி சுரண்டியது" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போன பிறகு வாசற்படியில் உட்கார்ந்தவள், வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

என் மகள் உங்கள் மகனைக் கட்டி, இருவரும் வேலைக்காகப் பாலைவன ஓரத்துச் சுரங்க ஊரான புரோக்கன் ஹில் போய், அங்கே குழந்தை பிறந்தபோதுகூட நம் உறவு கல்யாண வீட்டுச் சிரிப்பைத் தாண்டியிருக்கவில்லை. நான் வெரிபீயில், நீங்கள் கிரான்பர்னில். மெல்பேர்னின் இரண்டு முனைகள். போனில் பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், இருவருமே கேட்க மாட்டோம். பிள்ளை பெற்றவளுக்கு என் லேகியமா, மிளகும் மல்லியும் அரைத்து வைக்கும் உங்கள் சரக்குக் கறியா என்று ஆரம்பித்தது எங்கெங்கோ போய்விட்டது. அதனால் குழந்தையைப் பார்க்கக் கிளம்பியபோது நீங்கள் ஒளிக்காமல் சொன்னீர்கள்: "ரெண்டு காரில போவம் சம்பந்தி. ஆருக்கு எப்ப திரும்பி வரோணும் எண்டு இருக்கோ, அப்ப வரலாம்." என் மனதிலும் அதுதான் இருந்தது.

வழியில் மில்டூரா தாண்டினால் போனில் சிக்னல் கிடைக்காது, இரண்டு காரிலும் ரேடியோ பொருத்தாமல் வரக்கூடாது என்று உங்கள் மகன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். லாரிக்காரர்கள் வைத்திருக்கும் சி.பி. ரேடியோ. கடையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "போகிற இடம் மலையா, சமவெளியா?" நெட்டை ஆன்டெனா அலையைத் தட்டையாக வெகுதூரம் அனுப்பும், வெட்டவெளிக்கு அதுதான். மேடுபள்ளமான இடத்துக்குக் குட்டை ஆன்டெனா நல்லது. "பிள்ளையள் இருக்கிறது வெளி. எனக்கு நெட்டை" என்றீர்கள், யோசிக்கவே இல்லை. நான் குட்டையை எடுத்தேன். என் ஆபீஸ் கார் பார்க்கிங்கின் கூரை தாழ்வு. "அப்ப நீங்கள் ஆபீசுக்கோ போறியள், பேரப்பிள்ளையைப் பாக்கவோ?" என்றீர்கள். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று.

உங்கள் பழைய ஜீப்பின் முன்னால், விலங்கு மோதினால் தாங்கும் இரும்பு புல்பார் இருந்தது. உங்கள் ஆன்டெனா அதில் சுலபமாக நின்றுவிட்டது. என் கார் புதுசு. அதில் புல்பார் கிடையாது. பானெட் விளிம்பில் பிராக்கெட்டைக் கவ்வவிட்டுத் திருகினோம். ஒயரை நசுங்காமல் கதவோரமாக உள்ளே விட்டோம். உங்கள் வீட்டு டிரைவ்வேயில் இருந்து நான் தெருமுனைவரை ஓட்டிப் போய்ப் பேசினேன். உங்களுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது.

பெட்டியில் இருந்த தாளை எடுத்து நீங்கள் படித்தீர்கள். "கார்த் தகட்டோட சேந்தால்தான் இந்த அன்ரனா வேலை செய்யுமாம். இடையில பெயிண்ட் நிக்குது." நான் தண்ணீர் குடிக்க உள்ளே போய் வந்தேன். அதற்குள் பிராக்கெட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பானெட் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். என் புதுக் காரை.

"என்ன பண்றீங்க? ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"கேட்டிருந்தா விட்டிருப்பியளோ?"

விட்டிருக்க மாட்டேன். அதைச் சொல்லாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுபடி தெருமுனைக்குப் போய்ப் பேசியபோது என் குரல் தெளிவாகக் கேட்கிறது என்றீர்கள். நான் நன்றி சொல்லவில்லை. மில்டூரா வரைக்கும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிரவு தங்கிய மோட்டலில் காலையில் நீங்கள் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை.

வெண்ட்வர்த் தாண்டியதும் உலகம் தட்டையாகிவிட்டது. சிவப்பு மண், சாம்பல் நிறப் புதர், நேரே போகும் ரோடு. நான் முன்னால், நீங்கள் பின்னால், கண்ணாடியில் ஒரு புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லாமல் மறைந்துபோனீர்கள். அந்த வெளியில்தான் ரேடியோவில் உங்கள் குரல் வந்தது.

"சம்பந்தி, உங்கட மகளை எனக்குப் பிடிக்கேல்லை எண்டு நினையாதேங்கோ. எனக்கு இவன் ஒருத்தன்தான். இவன்ர அப்பா போனாப்பிறகு நானும் இவனும்தான் இருந்தனாங்கள். இப்ப வீட்டில கதைக்க ஆளில்லை."

பொத்தானை அழுத்திப் பேசும் கருவி அது. நீங்கள் விடும்வரை நான் பேச முடியாது. கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது. என் முறை வந்தது. "எனக்கும் ஒரே பொண்ணுதான், சம்பந்தி. அவ கிளம்பின அன்னைக்கு அவ ரூம் கதவை மூடினேன். இன்னும் திறக்கலை" என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது.

அப்படியே பேசிக்கொண்டே போனோம். சிறிது நேரத்தில் உங்கள் பேச்சு குழறத் தொடங்கியது. "சந்தியில நிக்கிறன், கடை பூட்டிக் கிடக்கு, தம்பி இன்னும் வரேல்லை" என்றீர்கள். அங்கே சந்தியும் இல்லை, கடையும் இல்லை. உங்களுக்குச் சர்க்கரை நோய் என்பதும், காலையில் சாப்பிடாமல் இன்சுலின் ஊசி போட்டிருப்பீர்கள் என்பதும் ஒன்றாகச் சேர்ந்து எனக்குப் பொறி தட்டியது.

"சம்பந்தி, காரை ஓரமா நிறுத்துங்க. இப்பவே. நிறுத்திட்டுச் சாவியை எடுங்க." திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். இரைச்சல் மட்டும் வந்தது. காரைத் திருப்பி ஓட்டிக்கொண்டே சொன்னேன். கடைசியில், சின்னப் பிள்ளை மாதிரி, "ஓம், எடுத்திட்டன்" என்று ஒரு குரல்.

ரோட்டோர மண்ணில் ஜீப் கோணலாக நின்றது. நீங்கள் வியர்வையில் நனைந்து, சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என் காரில் இருந்த ஆரஞ்சு ஜூஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கண் தெளிந்ததும் முதலில் சொன்னது: "உங்கட குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வேற ஒண்டும் விளங்கேல்லை." பிறகு பிஸ்கட் தின்றபடி, "பெயிண்ட் போனாப் போகுது எண்டு இப்பவாவது சொல்லுங்கோ" என்றீர்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். சர்க்கரை அளவு சரியாகும்வரை அங்கேயே புதர் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அதன்பின் உங்களை முன்னால் விட்டு, நான் பின்னால் வந்தேன்.

புரோக்கன் ஹில்லில் லேகியமும் இருந்தது, சரக்குக் கறியும் இருந்தது. முன்கூட்டித் திரும்பிப் போக இருவருக்கும் தோன்றவில்லை. பிறகு வந்த வருடங்களில் வாரம் தவறாமல் போனில் பேசினோம். நோய் வந்து நீங்கள் படுத்தபோது, பிள்ளைகள் வேலையை மாற்றிக்கொண்டு கிரான்பர்னுக்கே வந்துவிட்டார்கள். சனிக்கிழமைகளில் நான் வந்து உங்கள் கட்டிலருகில் கதிரையைப் போட்டு உட்காருவேன். பேச முடியாமல் போன நாட்களில் நான் பேசினேன். நீங்கள் கையை அழுத்தினீர்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகும் சனிக்கிழமைகளில் அங்கேதான் போகிறேன். போன வாரம் உங்கள் குசினியில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது உங்கள் மகன் கெற்றிலை வைத்துவிட்டு, "மாமி, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டார்.

"ஓம், ஊத்துங்கோ" என்றேன். எப்போதிலிருந்து உங்களைப் போலவே பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது.

அவர் உடனே திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோப்பைகளை எடுத்து வைத்தார்.