நீ சொன்னதாகச் சொன்னது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் என்றால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

உன் வீட்டுக்காரியிடம் முன்பு அடித்த வாடை இப்போது இல்லை. வீட்டுக்கு வரும் நர்ஸ், மாத்திரையைப் பொடித்துத் துணியில் தூவி வைக்கக் கற்றுக்கொடுத்தார். கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றினால் அப்படித்தான் இருக்குமாம், யார் தப்பும் இல்லையாம். கதவைச் சாத்தச் சொல்லிக்கொண்டிருந்தவள் இப்போது திறந்துவைக்கச் சொல்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து ஊர்க்கதையெல்லாம் அளந்துவிட்டுப் போனாள்.

வலி வேறு விஷயம். டாக்டர் மார்ஃபின் எழுதிக் கொடுத்தார். அது கடைசியில் கொடுப்பது, பழகிவிடும், வேண்டவே வேண்டாம் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். அவளும் அதையே பிடித்துக்கொண்டாள். "அவரு வேணாம்னுட்டாரு அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நீ வெளியூரில் இருக்கிறாய், பார்த்தது நான். நர்ஸிடம் கேட்டேன். வலிக்குத் தகுந்த அளவு கொடுத்தால் பயமில்லை, மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு என்றார்.

செவ்வாய்க்கிழமை, நீ சம்மதித்துவிட்டதாகப் பொய் சொல்லி அந்த மருந்தைக் கொடுத்துவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை. அன்று சாயங்காலம் சாய்ந்து உட்கார்ந்தாள். காப்பியை வாயில் வைத்துவிட்டு, "சர்க்கரை போட்டீங்களா, காட்டிட்டு எடுத்துட்டீங்களா" என்று கேட்டாள். எங்களுக்குள் ஏழாம் பொருத்தம் என்பது உனக்குத் தெரியும். அவள் குத்தலாகப் பேசி நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

பிறகுதான் மாட்டிக்கொண்டேன். நீ என்ன சொன்னாய் என்று கேட்டாள். "வலியோட கிடக்காதேன்னு சொன்னான்" என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள், வலியால் அல்ல.

மருந்தைக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமோ என்று பயப்படுகிறாய். எனக்கும் அந்தப் பயம் உண்டு, தம்பி. ஆனால் புற்று இனிக் குறையாது என்று டாக்டர் நம் இரண்டு பேரிடமும்தானே சொன்னார்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கூப்பிடு. அதற்கு முன்னால் கூப்பிட்டால் அவள் தூங்குகிறாள் என்றுதான் சொல்வேன். படித்துவிட்டேன் என்று நீ சொன்னதும் போனை அவளிடம் கொடுப்பேன். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அந்த வார்த்தையை நீயே சொல். முடிந்தால் நேரில் வந்து சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா