இரண்டு கண்ணாடிப் பெட்டிகள்

மார்ச் 4, செவ்வாய்

சினைப்பை நீர்க்கட்டி உடம்போடு நிற்காதாம். டாக்டரம்மா மாத்திரையோடு இந்த நோட்டையும் எழுதிக் கொடுத்தார். "மனசும் சேர்ந்து வாடும்மா. தினம் ரெண்டு வரி எழுதுங்க, அன்னிக்கு மனசு எப்படின்னு பத்துக்கு மார்க் போடுங்க." அச்சகத்தில் நாள் முழுவதும் அடுத்தவர் பிழையைத் திருத்துகிறவளுக்கு வீட்டுப்பாடம்.

மூன்று.

மார்ச் 5

காலையில் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு நீர்க்கட்டியின் உபயமான முகவாய் முடியைப் பிடுங்குகிறேன். இடுக்கி ஒரு பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் தலைமறைவாக இருக்கிறது. கணவருக்குத் தெரியும்; கதவைத் தட்டாமல், பல் விளக்காமலே டீ குடித்துவிடுகிறார். பெருந்தன்மைக்கு வாடை உண்டு.

அத்தைக்குத் தெரியாது. மாமியாரான அவர் காதுக்கு வந்த எதுவும் இதுவரை தெருவுக்குப் போகாமல் இருந்ததில்லை.

மார்ச் 9

இரண்டு. காரணம் எழுதுவதாக இல்லை.

மார்ச் 13, வியாழன்

பெட்டி மாறிவிட்டது. என்னுடையதும் அத்தையின் மூக்குக்கண்ணாடிப் பெட்டியும் ஒரே கடையின் கறுப்புப் பெட்டிகள். என்னுடையதைப் பையில் போட்டுக்கொண்டு அத்தை கண் டாக்டரிடம் போய்விட்டார். வரிசையில் உட்கார்ந்து திறந்திருப்பார் - இடுக்கி, பிளேடு, அய்யோ.

திரும்பி வந்தார். பெட்டியை அலமாரியில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வீட்டு வரலாற்றில் முதல் முறை.

பயமா இருக்கு. யார்கிட்ட சொல்லப் போறாங்க?

மார்ச் 16, ஞாயிறு

நாத்தனார் போன். அத்தை எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்னம்மா, அவளுக்கு இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா? உடம்பு மட்டும் ஏறிக்கிட்டே போகுது."

அறைக்குள் கதவோரம் நின்றேன். இப்போது என் தாடி சபைக்கு வரும்.

"ஏன்டி, உனக்கு வேற வேலையே இல்லையா? அவ மாத்திரையை முழுங்கிட்டு எட்டு மணிக்கு வேலைக்குப் போறா. நீ பத்து மணிக்கு எந்திரிக்கிற. போனை வை."

உட்கார்ந்து அழுதேன். எதுக்குன்னு கேட்டா தெரியலை. ஆனால், ஆறு.

மார்ச் 22, சனி

கதவு தட்டப்பட்டது. தாழைத் திறந்தால் அத்தை. முகவாயை வெளிச்சத்துக்கு நீட்டினார்.

"எனக்கும் நாலஞ்சு இருக்கு. முப்பது வருஷமா நானே எடுத்தேன், இப்ப கண்ணு தெரியலை. நீதான் எழுத்துப் பிழையெல்லாம் பாக்கிறவளாச்சே, எடுத்து விடு."

"வலிக்கும் அத்தை."

"நீ மூக்கை உறிஞ்சாம எடு, அது போதும்."

இவருக்குத் தெரிந்து தெருவுக்குத் தெரியாதது ஒன்று முப்பது வருஷமாக இருந்திருக்கிறது. இப்போது என்னுடையதும் சேர்ந்து இரண்டு.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். கட்டிகள் அப்படியே. எடை அரைக் கிலோ கூடியிருக்கிறது. "மார்க்கே காணோமே?" என்றார். இரண்டு வாரமாகப் போட மறந்திருக்கிறேன்.

குளியலறையில் ஒரு முக்காலி வந்திருக்கிறது. ஞாயிறு காலை அத்தை அதில் உட்கார்ந்து தலையை நிமிர்த்திக்கொள்கிறார், தெருச் செய்தி முழுவதும் சொல்கிறார். கதவு திறந்தே கிடக்கிறது. கணவர் நடுவில் புகுந்து பல் விளக்கிவிட்டுப் போகிறார்.