கால்வாய் ஓரத்தில் ஓர் ஆரத்தி

இன்று காலை கடை திறக்க வந்தபோது ஷட்டர் கைப்பிடியில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. பளபளவென்று பிளாஸ்டிக் பை. ஒரு பக்கம் வேட்பாளரின் சிரித்த முகம், மறுபக்கம் சின்னம். உள்ளே ஒரு நோட்டீஸும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும். மூடியைத் திறந்ததும் புது பிளாஸ்டிக்கின் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நீ வந்து நின்றுவிட்டாய். "குடுத்தது யாருன்னு பாக்காதடி மாவுக்காரி. இது எங்க போய்ச் சேரும்னு பாரு." பாழாய்ப்போன குரல், காதை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

தேர்தல் வந்துவிட்டது, நர்சம்மா. நீ இல்லாமல் இந்தத் தெருவுக்கு வருகிற முதல் தேர்தல். அரைத்த மாவு பொங்கட்டும் என்று மூடி வைத்துவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன். உனக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியக்காரி என்று நினைத்துக்கொள். நீ உயிரோடு இருந்தபோது வேறு என்னவாக நினைத்தாய்!

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ராஜா அண்ணாமலைபுரத்தின் இந்தக் குறுக்குத் தெருவில் எல்லோருக்கும் நீ நர்சம்மாதான். தெருவின் கடைசி வீடு உன்னுடையது. வாசலுக்கு மேலே மாதா படம், வாசலுக்கு நேரே மழைநீர்க் கால்வாயின் வாய். தெருவின் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து இறங்க வேண்டும். இறங்கினால்தானே? கவர், பாட்டில், டம்ளர் என்று அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் தண்ணீர் முதலில் உன் வீட்டுக்குள் போகும். உள்ளே, பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாய் உன் வீட்டுக்காரர். ஒவ்வொரு மழைக்கும் நானும் நீயும் எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணனும் சேர்ந்து அவரைக் கட்டிலோடு தூக்கி, கால்களுக்கு அடியில் செங்கல் வைப்போம். அவர் கூரையைப் பார்த்தபடி கண்ணீர் விடுவார். அதைத் துடைக்கக்கூட நம் கை காலியாக இருக்காது.

ஒரு மழையில் உன் சமையற்கட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அதில் இரண்டு பைகள் மிதந்து வந்தன. ஒன்றில் ஒரு கட்சிக்காரர் முகம், இன்னொன்றில் எதிர்க்கட்சிக்காரர் முகம். நீ வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாய்.

"இன்னா ஒத்துமை பாருடி! மேடையில அட்ச்சிக்கினு, என் வூட்டுல மட்டும் ஒண்ணா நீந்திகினு வரானுங்க!"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். நீ அழவில்லை. உனக்கு அன்றைக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும், இப்போது நினைத்தால் அப்படித்தான் படுகிறது.

மாவுக் கடை என்பது வாக்குச்சாவடிக்கு முந்தின சாவடி. யார் எதற்காக ஓட்டுப் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கட்சிக்கும் தெரியாது. மாடி வீட்டுப் பெண் சொல்வாள், "எங்க வூட்டுக்காரர் எதுக்கு சொல்றாரோ அதுக்குத்தாங்கா. எதுக்கு வீண் சண்டை?" மூன்றாம் வீட்டு மாமி போனை நீட்டுவார், "வாட்ஸ்அப்புல வந்துதே, பார்க்கலையோ நீ? எங்காத்துல எல்லாரும் அதைப் பாத்துட்டு மனசை மாத்திண்டாச்சு." ஆட்டோக்கார அண்ணன், "நம்ம ஆளு நிக்கறாரு, வேற யாருக்குப் போடறது?" என்பார். எந்த வகையில் நம்ம ஆள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். யார் என்ன கொடுத்தார்கள், அடுத்த தெருவுக்கு என்ன கிடைத்தது என்பது தனிக் கச்சேரி.

நீ தூக்குச்சட்டியும் கையுமாய் வரிசையில் நின்று எல்லாவற்றையும் கேட்பாய். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாய். "அதெல்லாம் சரி. கால்வா யாருக்குப் போடும்?"

"கால்வாக்கு மட்டும் ஓட்டு இருந்துச்சுன்னா, அத்தினி பேருக்கும் டெபாசிட் காலி!" என்று நீயே சொல்லிவிட்டு மாவை வாங்கிக்கொண்டு போவாய். இவருக்குப் போடு, அவருக்குப் போடாதே என்று ஒரு நாளும் நீ சொன்னதில்லை. அதுதான் எனக்கு உன்னிடம் பெரிய மரியாதை. கத்திக் கத்திப் பேசுகிற வாய், அந்த ஒரு இடத்தில் மட்டும் பூட்டுப் போட்டுக்கொள்ளும்.

பிறகு அந்த ஆரத்தி. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்காது.

வட்டத்துக் கட்சிக்காரத் தம்பி வந்து, வேட்பாளர் வரப்போகிறார், தெருமுனையில் என் கடைக்கு முன்னால் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனான். தட்டில் ஏதாவது போடுவார்கள் என்று ஜாடையாகவும் சொன்னான். நீ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். மறுநாள் காலையில் என்னிடம் வந்து நின்றாய்.

"எனக்கும் ஒரு தட்டு கரைச்சிக் குடுடி."

"உனக்கு எதுக்குடி? நீ சர்ச்சுக்குப் போற ஆளு, ஆரத்தி எடுக்கத் தெரியுமா?"

"சுத்தறதுதானே? ஊசி போட்ட கைக்கு சுத்தத் தெரியாதா? நீ கரை."

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ரத்தச் சிவப்பாய்க் கரைத்துக் கொடுத்தேன். நாங்கள் எல்லோரும் தெருமுனையில் நிற்க, நீ மட்டும் தட்டை ஏந்திக்கொண்டு விறுவிறுவென்று தெருக்கோடிக்குப் போனாய். கால்வாய் வாயில், அந்தக் குப்பைமேட்டின் பக்கத்தில், சர்ச்சுக்குக் கட்டும் புடவையில் நின்றாய். கடைசி வீட்டு அம்மா தனியாக நிற்கிறார் என்றதும் வேட்பாளருக்கு மனம் கேட்கவில்லை. கேமராக்காரரோடு நேரே உன்னிடம் வந்துவிட்டார். கூட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவரால் பொத்த முடியவில்லை, படம் எடுக்கிறார்களே!

"சார், ஆரத்தின்னா கிழக்கப் பாத்து நிக்கணும்," என்றாய். கிழக்கே என்ன இருந்தது? கால்வாய்தான் இருந்தது. அவரும் பவ்யமாகத் திரும்பிக் குப்பையைப் பார்த்து நின்றார். இப்படி ஒரு சாஸ்திரம் உனக்கு யார் சொன்னார்கள் என்று நான் திகைத்தால், நீ என்னையே கை காட்டினாய். "எங்க மாவுக்கார அக்காதான் சொல்லிச்சு, சார்." அடிப் பாவி!

அதற்குப் பிறகு சுற்றினாய் பார், ஒரு சுற்று. கோயில் தேர்கூட அவ்வளவு மெதுவாக நகராது. ஆள் மூச்சை அடக்கி, விட்டு, மறுபடி அடக்கி, முகமெல்லாம் வியர்த்து நின்றார். நெற்றியில் பொட்டு வைத்தாய். தட்டில் அவர் ரூபாய் நோட்டு வைக்கப் போனபோது கையை மறித்து, "வேணாம் சார்" என்றாய். பிறகு ஆரத்தித் தண்ணீரைக் கால்வாயின் வாயில் ஊற்றினாய்.

தண்ணீர் இறங்கவில்லை. கவர்களின் மேலே தேங்கி, பரவி, அப்படியே திரும்பி வந்து அவருடைய வெள்ளைச் செருப்பை நனைத்தது. விரலிடுக்கெல்லாம் சிவப்பு.

"பாத்தீங்களா சார்? ஒரு தட்டுத் தண்ணி எறங்கல. மழை எப்டி எறங்கும்? உள்ள எங்க வூட்டுக்காரர் கட்டில்ல கீறாரு. அவரால எழுந்து ஓட முடியாது சார்."

குரல் அந்த இடத்தில் மட்டும் உடைந்தது. அன்று முழுக்க நீ நடித்த நடிப்பில் அந்த ஒரு வரி நடிப்பில்லை. வேட்பாளர் தலையைக் குனிந்துகொண்டு, பார்க்கிறேன் அம்மா என்றார். அவர் பார்த்தாரோ இல்லையோ, எதிர்க்கட்சிக்காரர்கள் பார்த்தார்கள். இரண்டு நாளில் அவர்கள் வேட்பாளர் வர வேண்டும். அதே அம்மா, அதே கால்வாய், அதே தட்டு என்றால் என்ன ஆவது? மறுநாளே ஆளும் மண்வெட்டியுமாக வந்து கால்வாயை வாரிவிட்டார்கள். நீ வாசற்படியில் உட்கார்ந்து, அவர்களுக்கு மோர் கலக்கிக் கொடுத்தாய்.

வாரி மேலே போட்ட குவியலைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். கொடிக்கும் தோரணத்துக்கும் நடுவே பால் கவர், காய்கறிக் கவர், அப்புறம் ரப்பர் பேண்டு போட்ட என் மாவுக் கவர்கள். நீ என்னைத் திட்டவில்லை. "கட்சிக்காரன் அஞ்சு வருசத்துக்கு ஒரு தபா போடறான். நாம டெய்லி போட்டுகினு கீறோம்," என்று மட்டும் சொன்னாய்.

மறுநாள் கடைப் பலகையில் எழுதினேன்: பாத்திரம் கொண்டு வந்தால்தான் மாவு. முணுமுணுத்தார்கள். சிலர் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். நீ தினமும் முதல் ஆளாக வந்து, தேவையோ இல்லையோ, தூக்குச்சட்டியை எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பாய். பிறகு மாமி வந்தார், "ஆத்துலேர்ந்து பாத்திரம் கொண்டு வந்திருக்கேன், தாராளமா ஊத்து." அதற்குப் பின் எல்லோரும் வந்தார்கள். அந்த வருஷ மழையில் செங்கல் தேவைப்படவில்லை. உன் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியே மழையை வேடிக்கை பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை.

ஓட்டுப் போட்டு வந்த அன்று உன்னிடம் கேட்டேன், "யாருக்குடி போட்ட?" நீ மை வைத்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். "இத்த மட்டுந்தான் காட்டுவேன்." எவ்வளவு துருவியும் சொல்லவில்லை. வெள்ளைச் செருப்புக்காரருக்கா, கால்வாயை வாரிக் கொடுத்தவர்களுக்கா என்று நான் இன்றுவரை மண்டையை உடைத்துக்கொள்கிறேன்.

நீ போனது ஒரு சாதாரணக் காலையில். தூக்குச்சட்டி வரவில்லையே என்று பார்க்க வந்தேன். தூக்கத்திலேயே போயிருந்தாய். மதியம் வட்டத்துத் தம்பி அழுதுகொண்டே வந்து, கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்து வைக்கப் போவதாகச் சொன்னான். உன் படம் பெரிதாக, கீழே கட்சிக்காரர்கள் படங்கள் வரிசையாக. எனக்கு வந்த கோபம்! "அதைக் கிழிச்சதும் எங்க போடுவ? அவ வாசல் கால்வாயிலதானே?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன். பாவம், அவன் அன்பாகத்தான் வந்தான். என் கடைப் பலகையைத் துடைத்து, சாக்பீஸால் எழுதினேன்: நர்சம்மா போய்விட்டார்கள், இன்று மாவு இல்லை. தெருவுக்கு அது போதுமாக இருந்தது.

உன் வீட்டுக்காரரை உன் மகன் ஈக்காட்டுத்தாங்கலில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். உன் வீட்டில் இப்போது ஓர் இளம் குடும்பம். கணவர் தையல் கடை வைத்திருக்கிறார், மனைவி வீட்டில் உருதுவும் என்னிடம் தமிழும் பேசுகிறாள். தரையில் பாய் விரித்துக் கைக்குழந்தையைப் படுக்க வைக்கிறாள். போன வாரம் பெய்த சின்ன மழைக்கே தண்ணீர் படிவரை வந்ததாம். "இன்னும் பெருசா பெஞ்சா என்ன செய்யறது ஆன்ட்டி?" என்று கேட்டாள். எட்டிப் பார்த்தேன். கால்வாய் வாய் மறுபடி அடைத்துக் கிடந்தது. நீ போன பிறகு நாங்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

இன்று காலை அந்தப் பையைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே வட்டத்துத் தம்பி வந்தான். நாளைக்கு வேட்பாளர் வருகிறார், கடை முன்னால் ஆரத்தி என்றான். சரி என்றேன். அவன் போனதும் பலகையை எடுத்து எழுதினேன்: ஆரத்தி எடுப்பவர்கள் நாளைக் காலை தெருக்கோடியில், கால்வாய் பக்கம் கூடவும். கிழக்கே பார்த்து நிற்க வேண்டும்.

மத்தியானம் ஓடி வந்தான். "அக்கா, நர்சம்மாதான் இல்லையே. இப்ப எதுக்குக்கா அங்க?"

"அவ இல்லன்னா கிழக்கு எங்கப்பா போயிடுச்சு?" என்றேன்.

தலையைச் சொறிந்தான். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். நான் மோர் கலக்கினேன். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். வாரி முடித்ததும் நான் சும்மா விடவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, ஒரு தட்டு கொண்டுபோய் ஊற்றினேன். கடகடவென்று இறங்கியது, நர்சம்மா. என் கால் நனையவில்லை.

அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன். நாளை மறுபடி அதே இடத்தில் ஆரத்தி. தண்ணீர் இறங்குகிறதா என்று இந்த முறை தெருவே பார்க்கும். இனி மாதத்துக்கு ஒரு முறை நானே ஒரு தட்டு ஊற்றிப் பார்ப்பதாகவும் இருக்கிறேன்.

யாருக்குப் போடப் போகிறேன் என்று மட்டும் கேட்காதே. மை வைத்ததும் உன் கல்லறைக்கு வருகிறேன். விரலை மட்டுந்தான் காட்டுவேன்.